நம்ம ஊர் சிட்டி அட்டர்னி யார் தெரியுமா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸைச் சுற்றி ஈடன் ப்ரெய்ரி, ப்ளிமத் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களிடம் "உங்க ஊர் மேயர் யாரு?" என்று கேட்டால் சிலராவது சொல்லிவிடுவார்கள். "உங்க ஊர்ல அரசுத் தரப்புல கிரிமினல் கேஸ் நடத்துற வக்கீல் யாரு?" என்றால் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று திருப்பிக் கேட்பார்கள்.

கொலை, கொள்ளை மாதிரியான பெரிய குற்றங்களை கவுண்டி (மாவட்டம் மாதிரி) அட்டர்னி பார்த்துக்கொள்வார். அவரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். 2022-இல் ஹென்னபின் கவுண்டியில் அந்தப் பதவிக்கு எவ்வளவு காரசாரமான போட்டி! ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, கடையில் பொருளைப் பைக்குள் போட்டது, வீட்டுச் சண்டையில் கை நீட்டியது என்று சாதாரண ஜனங்கள் மாட்டுகிற கேஸ்களில் பெரும்பாலானவை நகரத்தின் வக்கீலான சிட்டி அட்டர்னி கையில்தான். அவருக்குத் தேர்தல் கிடையாது. சின்ன ஊரென்றால் பெரும்பாலும் ஒரு தனியார் சட்ட நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். அதே நிறுவனம் பக்கத்து ஊர்களுக்கும் கேஸ் நடத்தும். வழக்கு நடப்பது மினசோட்டா மாநிலத்தின் பெயரில், பில் போவது நகர நிர்வாகத்துக்கு.

இந்தச் சின்னக் குற்றங்களுக்குச் சட்டத்தில் பெயர் மிஸ்டிமீனர். அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். 90 நாள் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். அதற்கு அடுத்த படியான கிராஸ் மிஸ்டிமீனர் என்றால் 364 நாள், 3,000 டாலர். (2023 வரை அது முழுசாக ஒரு வருஷமாக இருந்தது. ஒரு நாளைக் குறைத்ததற்குக் காரணமே குடியேற்றச் சட்டம்தான். அங்கே 'ஒரு வருஷம்' என்ற கணக்கு வந்தாலே நாடுகடத்தல் வரைக்கும் போகலாம்.)

இதில் பல கேஸ்களில் போலீஸ்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டே (டிக்கெட்) குற்றப்பத்திரிகை. அதை எழுதும்போது பக்கத்தில் எந்த வக்கீலும் இல்லை. சிட்டி அட்டர்னி பல சமயம் அதைப் பிரித்துப் பார்ப்பதே வாய்தா நெருங்கும்போதுதான். அன்றைக்கு வரிசையாகக் கேஸ்கள். கோர்ட் வராந்தாவிலோ ஜூமிலோ சில நிமிடம் பேச்சு, ஒரு பேரம், அவ்வளவுதான். 6 பேர் கொண்ட ஜூரி கேட்க உரிமை இருக்கிறது. அதுவரை போகிறவர்கள் ரொம்பக் குறைவு.

அந்தச் சில நிமிடத்தில் அவர் என்ன நீட்டுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'கன்டினியுவன்ஸ் ஃபார் டிஸ்மிஸல்' என்று ஒன்று உண்டு: குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம், சொன்ன காலம்வரை வேறு வம்பில் மாட்டாமல் இருந்தால் கேஸ் தள்ளுபடி. 'ஸ்டே ஆஃப் அட்ஜுடிகேஷன்' என்று இன்னொன்று: இதில் ஒப்புக்கொண்டாக வேண்டும், ஆனால் தண்டனைப் பதிவு இல்லாமலே கடைசியில் தள்ளுபடி ஆகிவிடும். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கு இரண்டாவது கண்ணிவெடி. ஒப்புக்கொண்டு, கோர்ட் ஏதாவது ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டால், மாநிலம் தள்ளுபடி செய்தாலும் குடியேற்றச் சட்டம் அதைக் குற்றத்தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் உங்களுக்கு எடுத்துச் சொல்வது உங்கள் வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் படில்லா வழக்கில் சொல்லிவிட்டது. வக்கீலே வைக்காமல் "சின்னக் கேஸ்தானே" என்று தனியாகப் போய் நிற்பவருக்கு யார் சொல்வது?

எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. முதல் வகைப் பேரத்துக்குப் பல ஊர்களில் 'வழக்குச் செலவு' என்று பணம் கட்டச் சொல்கிறார்கள். ஐடி சம்பளக்காரர் கட்டிவிட்டுக் கைகழுவிப் போவார். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்?

ஃபிலாண்டோ காஸ்டீலை நினைத்துப் பாருங்கள். 2016 ஜூலையில் ஃபால்கன் ஹைட்ஸ் என்ற சின்னப் புறநகரில், பிரேக் விளக்கு எரியவில்லை என்று சொல்லி நிறுத்தப்பட்டு, போலீஸ் சுட்டு இறந்தவர். அதற்கு முன்பே குறைந்தது 46 முறை அவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். 6,000 டாலருக்கு மேல் அபராதம் சேர்ந்திருந்தது. அதில் பாதிக் குற்றச்சாட்டுகள் தள்ளுபடியானவை. சீட்டைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அற்பம்தான். மொத்தமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டியது யாருடைய வேலை?

எல்லா சிட்டி அட்டர்னிகளும் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஒரே ஊரைப் பார்க்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. எந்த முக்கில் ஓயாமல் டிக்கெட் எழுதுகிறார்கள், எந்த வீட்டிலிருந்து திரும்பத் திரும்ப 911-க்கு அழைப்பு வருகிறது என்பது அவருக்குத்தான் சீக்கிரம் பிடிபடும். அடிவாங்கும் பெண்ணுக்கு நேரம் ஒதுக்கிப் பேசுகிற அட்டர்னியும் இருக்கிறார். ஆனால் அப்படிப்பட்டவர் நமக்கு வாய்ப்பது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது.

சிட்டி அட்டர்னியை நியமிப்பது சிட்டி கவுன்சில். பூங்காவில் பிக்கிள்பால் கோர்ட் வேண்டும் என்று கவுன்சில் கூட்டத்துக்குக் கும்பலாகப் போகிறோமே, வழக்கு ஒப்பந்தம் புதுப்பிக்க வரும் அன்றைக்கும் நாலு பேர் போய் மைக்கில் கேட்கலாம்: போன வருஷம் எத்தனை சீட்டுகளைச் சாட்சியம் போதாது என்று அவரே தள்ளினார்? வழக்குச் செலவு கட்ட முடியாதவருக்கு என்ன ஏற்பாடு? பேரம் பேசும்போது எதிரில் நிற்பவரின் விசா நிலையை யோசிக்கிறாரா? பதில் சொல்ல அவர் கூட்டத்துக்கு நேரில் வரட்டும்.