குடியை மறக்கடிக்கும் பொடி: பையனுக்குத் தெரியாமல் கலக்காதீர்கள்

"பையனுக்குத் தெரியாமல் குழம்பில் இந்தப் பொடியைக் கலந்து கொடுங்கள், மூன்றே நாளில் குடியை மறந்துவிடுவான்" என்று பென்னாகரம், பாலக்கோடு பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

பெயரே இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்த டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு, உண்மைதான். அதைத் தின்றவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அதனால்தான் நோயாளியிடம் விளக்கி, அவர் சம்மதித்த பிறகே மருத்துவர் கொடுப்பார். சொல்லாமல் கலந்தால், எதுவும் அறியாமல் அந்தப் பையன் கடைக்குப் போய்க் குடிப்பான்.

மூன்று நாள் கணக்கும் மோசமானது. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். கை நடுக்கம், வியர்வை, இல்லாத ஆள் நிற்பதாகப் பேசுவது எல்லாம் "மருந்து வேலை செய்கிறது" என்பதற்கான அடையாளம் அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நிலை.

சரி, எங்கே போவது? தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். இருபது வயதுப் பிள்ளைகள் பலருக்குக் குடிக்கு அடியில் மனச்சோர்வோ பதற்றமோ இருக்கும். அதற்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும், ஊர் வாய்க்குப் பயப்பட வேண்டாம். வீட்டிலிருந்தே பேச அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, போதைப் பழக்கத்துக்கு 14446. இரண்டுமே இலவசம்.