கேபிளுக்குள் ஒரு ரெசிஸ்டர்
மலிவு கேபிளில் சார்ஜ் மெதுவாக ஏறும், வேறொன்றும் ஆகாது என்று சார்ஜிங் கேபிள் பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பது என் அனுபவத்துக்கு நேர் எதிர். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 60 ரூபாய்க்கு ஒரு டைப்-சி கேபிள் வாங்கினேன். கடைக்காரர் நம்ம ஊர்க்காரர், "ஒரிஜினல் மாதிரியே சார்" என்றார்; அந்த 'மாதிரி'யிலேயே உஷாராகியிருக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் செருகிப் போனுக்குப் போட்டேன். சார்ஜ் மடமடவென்று ஏறியது, செத்தது லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட். சாதா யூஎஸ்பியிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளுக்குள், எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்று போனுக்குச் சொல்ல, 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இருக்க வேண்டும். சில மட்டமான கேபிள்களில் 10 கிலோ ஓம்தான் இருக்கும். அதைப் பார்த்து 3 ஆம்பியர் கிடைக்கும் என்று போன் நம்பி இழுக்கும், யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு விதித்ததோ அரை ஆம்பியர். என் கேபிளைப் பிரித்துப் பார்க்கவில்லை, ஆனால் சந்தேகம் அதன்மேல்தான். அப்புறம், அடாப்டர் ஒரிஜினலாக இருந்தால் போதும் என்று மேலே கமெண்டில் ஒருவர் எழுதியிருக்கிறார். உள்ளே கம்பி மெலிசாக இருந்தால் சூடாவது கேபிள்தானே, அடாப்டர் என்ன செய்யும்?