சைப்ரஸ்காரர் முன்னேறிவிட்டார்கள், பிரேசில்காரர் ஏன் முன்னேறவில்லை?

லண்டனில் நம் இலங்கைத் தமிழ்ச் சனம் கூடும் இடங்களில் அடிக்கடி ஒரு கதை வரும். "சைப்ரஸ்காரனைப் பார், வெறுங்கையோடு வந்தான், இன்றைக்கு பாமர்ஸ் கிரீனிலும் சவுத்கேட்டிலும் சொந்த வீட்டில் இருக்கிறான். இந்த பிரேசில்காரன் பத்து வருஷமாக ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டு ஓடுகிறான். சேமிக்கத் தெரியாத ஆட்கள்." போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவிலும் இதே பேச்சு. சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை, தானும் பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை பார்த்து வீடு வாங்கியவர்தான். ஆனாலும் அந்தப் பேச்சு சரியில்லை. அங்கே சத்தத்தில் விளக்கமாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் வடக்கு லண்டனில் ஹாரிங்கேயில் நீண்ட காலமாக வசிக்கிறேன். இரண்டு சமூகத்தையும் அன்றாடம் பார்க்கிறவள். நான் பார்த்த வரையில் உழைப்பில் இருவருக்கும் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம், அவர்கள் இந்த நாட்டில் கால் வைத்த வருஷத்திலும், அந்த நேரத்தில் கையில் இருந்த பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது.

சைப்ரஸ் தீவு 1878இல் பிரிட்டனின் நிர்வாகத்துக்குப் போனது. 1925இல் முறைப்படி காலனி ஆனது. ஆக, 1930களிலும் 50களிலும் அங்கிருந்து கப்பலேறிய கிராமத்து மனிதர் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜை. அவரைக் கைநீட்டி வரவேற்றார்கள் என்று சொல்ல வரவில்லை. 1930களில் சோஹோவில் ஹோட்டல் சமையலறைகளில் பாத்திரம் கழுவிய சைப்ரஸ்காரர்களைப் போலீஸ் தனியாகக் கண்காணித்தது. ஊரை விட்டுக் கிளம்பவே லண்டனில் இருக்கும் ஒருவரின் உத்தரவாதக் கடிதம் கேட்டார்கள். வாடகைக்கு அறை கேட்டால் கதவைச் சாத்திய காலம் அது. ஆனால் வந்து இறங்கிவிட்டால் வேலை செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விசா புதுப்பிக்கத் தேவையில்லை. ஓட்டு உண்டு. 1948க்குப் பிறகு இலவச மருத்துவமும் உண்டு. 1962இல் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் வந்து அந்தக் கதவை ஒடுக்கியது. அதற்கு முன் பெரும் அலையாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று நாம் பாமர்ஸ் கிரீனில் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர்.

அவர்கள் நகர்ந்த பாதையை 29ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் பார்க்கலாம். முதலில் கேம்டன் டவுன். அங்கே ஆல் செயிண்ட்ஸ் தேவாலயம் 1948 முதல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோயில். அப்புறம் ஃபின்ஸ்பரி பார்க், கிரீன் லேன்ஸ், வுட் கிரீன். பஸ் இப்போது வுட் கிரீனோடு நின்றுவிடுகிறது, அங்கே 329 பிடித்தால் பாமர்ஸ் கிரீன். ஒவ்வொரு கட்டத்திலும் நடந்தது ஏறக்குறைய ஒன்றுதான். அண்ணனும் தம்பியும் மச்சானும் காசு சேர்த்து ஒரு பழைய வீட்டை வாங்குவார்கள். மேல் அறைகளை ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். அந்த வாடகையில் கடன் அடையும். பிறகு அதை விற்று வடக்கே கொஞ்சம் பெரிய வீடு. ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் லண்டனில் வீடு வாங்க முடிந்த காலத்தில் அவர்கள் வாங்கினார்கள். இதைச் சொல்லாமல் அவர்களின் சேமிப்புப் பழக்கத்தை மட்டும் புகழ்வது நியாயமில்லை.

வீடு வாங்கிய காசில் பெரும்பங்கு பெண்களுடையது. ஹாரிங்கே, இஸ்லிங்டன் பகுதிகளில் சைப்ரஸ்காரர் நடத்திய சிறிய தையல் ஃபேக்டரிகள் நிறைய இருந்தன. பீஸ் கணக்கில் கூலி. கைக்குழந்தை இருந்தால் மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். என் பக்கத்து வீட்டில் இருந்த சைப்ரஸ் அம்மா, இரவு பத்து மணிக்கு மேல் மெஷின் சத்தம் கேட்கக்கூடாது என்று அதன் கீழே கம்பளம் மடித்து வைத்துத் தைத்ததாகச் சொல்வார். கடைகளுக்குப் போன ஆடைகளில் அவர் பெயர் இல்லை, பென்ஷனுக்குக் கணக்கு வைக்கும் நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவிலும் பல வருஷங்களுக்கு அவர் பெயர் இல்லை. அப்படிக் கையில் காசு வாங்கித் தைத்த பெண்கள் பலருக்கு வயதான காலத்தில் பென்ஷன் குறைந்துபோனது. "சைப்ரஸ்காரர் வசதியானவர்கள்" என்று சொல்கிறவர்கள் இந்தப் பெண்களைக் கணக்கில் எடுப்பதில்லை. துருக்கிய சைப்ரஸ்காரரையும் எடுப்பதில்லை. அதே தீவிலிருந்து, அதே காலத்தில் வந்தவர்கள்தான் அவர்களும். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் ஹாரிங்கே பள்ளிகளில் பின்தங்கிப்போவதைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் பல வருஷம் கவலைப்பட்டார்கள்.

1974 ஜூலையில் ஆட்சிக்கவிழ்ப்பும் அதைத் தொடர்ந்து துருக்கியின் படையெடுப்பும் நடந்தன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரஸ்காரர் தீவின் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தார்கள். லண்டனில் உறவினர் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்தார்கள். ஆனால் அகதி அந்தஸ்து எளிதில் கிடைக்கவில்லை, வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போக வேண்டியிருந்தது. கவனியுங்கள்: அதே ஊர், அதே குடும்பம். 1958இல் வந்த அண்ணனுக்கு வீடு, கடை. 1974இல் வந்த தம்பிக்குத் திரும்பிப் போகும் டிக்கெட். கலாசாரம் காரணம் என்றால் இந்த இருவருக்கும் இடையில் என்ன கலாசார வித்தியாசம்?

இப்போது பிரேசிலுக்கு வருகிறேன்.

பிரேசில் நூறு வருஷத்துக்கு மேல் குடியேறிகள் போய்ச் சேர்ந்த நாடு. இத்தாலி, போர்த்துகல், ஜப்பான், லெபனான் என்று எங்கிருந்தெல்லாமோ போனார்கள். 1980களில்தான் அது தலைகீழானது. விலைவாசி மாதாமாதம் எகிறியது. 1990 மார்ச்சில் அதிபர் கொல்லோர் பதவியேற்ற கையோடு மக்களின் வங்கிச் சேமிப்பையே முடக்கினார். 1993இல் ஆண்டு பணவீக்கம் 2,000 சதவீதத்தைத் தாண்டியது. இப்படி உடைந்துபோன ஒரு நடுத்தர வர்க்கம் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போர்த்துகலுக்கும் லண்டனுக்கும் புறப்பட்டது. பிரிட்டனில் பிரேசிலில் பிறந்தவர்கள் 2001 கணக்கெடுப்பில் சுமார் 15 ஆயிரம் பேர். 2011இல் சுமார் 50 ஆயிரம். வில்ஸ்டன், ஹார்ல்ஸ்டன், ஸ்டாக்வெல் பக்கம் போனால் கறுப்பு பீன்ஸும் மரவள்ளி மாவும் விற்கும் கடைகளைப் பார்க்கலாம்.

இவர்கள் படிக்காத கூட்டம் இல்லை. 50களில் வந்த சைப்ரஸ்காரரில் பலர் ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்கள். பிரேசில்காரரில் கல்லூரி வாசல் மிதித்தவர்கள் ஏராளம். எங்கள் அலுவலகத்தைக் காலை ஐந்து மணிக்குச் சுத்தம் செய்ய வந்த பெண் கொயாஸ் மாநிலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். படிப்பு குறைந்தவர்கள் வீடு வாங்கினார்கள், படிப்பு கூடியவர்கள் அறையில் நாலு பேராகப் படுக்கிறார்கள் என்றால், காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

பிரேசில்காரருக்கு லண்டனுக்குள் வர வழிகள் இருந்தன. ஆனால் எல்லாமே தற்காலிகமானவை. சுற்றுலாப் பயணியாக ஆறு மாதம் வரை முன்கூட்டி விசா எடுக்காமல் தங்கலாம், வேலை செய்யக்கூடாது. ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்து மாணவர் விசா எடுக்கலாம். வாரத்தில் சில மணி நேரம் வேலை செய்யும் உரிமையும் அதில் இருந்தது. 2011இல் புதிதாகத் தனியார் கல்லூரிக்கு வருகிறவர்களிடமிருந்து அந்த உரிமையையும் அரசு எடுத்துவிட்டது. மூன்றாவது வழி பாட்டன் பூட்டனின் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்து இத்தாலிய அல்லது போர்த்துகீசிய பாஸ்போர்ட் வாங்குவது. அது கிடைத்தவர் மறுநாளே ஐரோப்பியர். அறையில் கூடவே படுத்திருந்த நண்பனுக்குப் பூட்டன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர் என்றால் இந்தக் கதவு இல்லை. இந்த அநியாயம் என்னை மிகவும் உறுத்துகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டோடு லண்டனுக்கு அந்த வழியும் அடைபட்டது. 2025இல் இத்தாலியும் பெற்றோர், தாத்தா பாட்டி தலைமுறைக்கு மேல் போகக்கூடாது என்று சட்டத்தை இறுக்கிவிட்டது.

விசா உறுதியாக இல்லாதவர் வங்கியில் வீட்டுக் கடன் கேட்க முடியாது. கடை குத்தகை எடுக்கப் பயப்படுவார். சம்பளம் தராத முதலாளி மேல் புகார் கொடுக்க மாட்டார். சேமித்தாலும் அந்தக் காசை ஊருக்குத்தான் அனுப்புவார், ஏனென்றால் எந்த நாளும் போக வேண்டி வரலாம். 2011இல் ஒரு பவுண்டுக்கு மூன்று பிரேசில் ரியால்கூட வராது, 2020இல் ஏழைத் தாண்டியது. அப்படியிருக்க ஊரில் வீடு கட்டுவதுதான் புத்திசாலித்தனம். கொயாஸ், மினாஸ் மாநிலங்களில் அந்த வீடுகள் நிற்கின்றன. லண்டனில் இருந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டு விஷயம் இதைவிடப் பெரியது. சைப்ரஸ் 1961இல் காமன்வெல்த்தில் சேர்ந்தது. அதனால் இங்கே வசிக்கும் சைப்ரஸ் குடிமகன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்காவிட்டாலும் பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நமக்கும் இலங்கை பாஸ்போர்ட்டில் அந்த உரிமை உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 2016இல் பிரெக்ஸிட் வாக்கெடுப்பிலும் சைப்ரஸ் குடிமக்கள் ஓட்டுப் போட்டார்கள். இத்தாலிய பாஸ்போர்ட்டோடு இருந்த பிரேசில்காரர், தன் வாழ்க்கையையே புரட்டிப்போடப் போகும் அந்த வாக்கெடுப்பை வெளியே நின்று பார்த்தார். ஓட்டு உள்ள சமூகத்தின் வாசலுக்குக் கவுன்சிலர் வருவார். வுட் கிரீனில் சைப்ரஸ் சமூக மையம் இருக்கிறது, முதியவர்கள் கூடுகிறார்கள். சைப்ரஸ் வம்சாவளியைச் சேர்ந்த பாம்போஸ் சரலம்பஸ் 2017 முதல் பாராளுமன்றத்தில் இருக்கிறார். பிரேசில்காரருக்கு இதற்கெல்லாம் பதிலாக இருப்பது சர்ச்தான். ஃபின்ஸ்பரி பார்க்கில், 29 பஸ் போகும் அதே இடத்தில், ஒரு காலத்தில் பெரிய ராக் கச்சேரிகள் நடந்த ரெயின்போ தியேட்டர் 1995 முதல் ரியோவில் தொடங்கிய ஒரு சர்ச்சின் கையில் இருக்கிறது. பொதுவாக பிரேசில்காரரின் சர்ச்களில் அறை தேடிக் கொடுப்பதும் வேலை சொல்வதும் நோயாளியைப் பார்க்கப் போவதும் நடக்கின்றன. கவுன்சில் செய்ய வேண்டியதைக் காணிக்கைப் பணத்தில் செய்கிறார்கள்.

ஜீன் சார்லஸ் டி மெனெசஸை மறக்க முடியாது. மினாஸ் மாநிலத்திலிருந்து வந்த 27 வயது எலக்ட்ரீஷியன். 2005 ஜூலை 22 அன்று ஸ்டாக்வெல் ஸ்டேஷனில் ரயிலுக்குள் வைத்து, குண்டு வைக்க முயன்றவர் என்று தவறாக நினைத்துப் போலீஸ் சுட்டுக் கொன்றது. தனிப்பட்ட எந்த அதிகாரி மீதும் வழக்கு நடக்கவில்லை. சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் போலீஸ் துறைக்கு 1,75,000 பவுண்ட் அபராதம். எந்தத் தவறும் செய்யாத மனிதர் இறந்து கிடக்கையில், அவருடைய விசா செல்லுபடியானதா என்ற கேள்வி பத்திரிகைகளில் வந்தது. விசா சரியில்லையென்றால் சுட்டது சரியாகிவிடுமா?

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு வருகிறேன். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், டெலிவரூ என்ற சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் தொழிற்சங்கம் மூலம் கூட்டுப் பேரம் பேசும் உரிமை கொண்ட தொழிலாளர்கள் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. தனக்குப் பதிலாக வேறொருவரை ஓட்ட அனுப்பலாம் என்ற ஒப்பந்த வரிதான் முக்கியக் காரணம். அதே வரியால்தான், பேப்பர்ஸ் இல்லாதவர்கள் வேறொருவரின் கணக்கை வாரத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். வாடகைக்கு விடுகிறவரும் பல நேரம் பிரேசில்காரர்தான். தன் இனத்தவரிடமே சுரண்டல் என்று சிலர் முகம் சுளிக்கலாம். தையல் ஃபேக்டரி நடத்திய சைப்ரஸ்காரரும் தங்கள் ஊர்ப் பெண்களையும், பிறகு வந்த துருக்கியரையும் குர்துகளையும் அப்படித்தான் வேலை வாங்கினார்கள். நம் கடைகளில் மாணவர் விசாவில் வந்த பிள்ளைகளுக்கு என்ன கூலி கொடுத்தோம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இந்த ஓட்டுநர்கள் 2024 பிப்ரவரி 14 அன்று, ஆர்டர்கள் குவியும் காதலர் தினத்தில், கூலி கூட்டச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். லண்டனில் அதை முன்னின்று நடத்தியவர்களில் பிரேசில்காரர் நிறைய. துணிச்சல் இல்லாத சனம் இதைச் செய்யாது.

"சைப்ரஸ்காரருக்கு எழுபது வருஷம் ஆயிற்று, இவர்களுக்கும் காலம் வரும்" என்று சிலர் ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. விசா இல்லாமல் தங்கிவிட்டவர் 14 வருஷம் கழித்து நிரந்தர வதிவிடம் கேட்க முன்பு ஒரு விதி இருந்தது. 2012இல் அதை நீக்கி, 20 வருஷம் கழித்துத் தற்காலிக விசா, அதற்கு மேல் இன்னும் 10 வருஷம் கழித்து நிரந்தரம் என்று வைத்தார்கள். முப்பது வருஷம்! 1955இல் வந்த சைப்ரஸ்காரர் 1985இல் வீட்டுக் கடனை அடைத்து முடித்திருப்பார். முறையான விசாவில் வருகிறவர்களுக்கும் ஐந்து வருஷக் காத்திருப்பைப் பத்தாக்கும் திட்டத்தை 2025 மே மாதம் அரசு அறிவித்தது.

நம்மவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. 1985இல் காமன்வெல்த் நாடுகளிலேயே முதலாவதாக இலங்கைக்குத்தான் பிரிட்டன் விசா கட்டாயமாக்கியது, தமிழர்கள் வருவதைத் தடுக்க. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் ஆடைகளைக் கழற்றி விமானத்தில் ஏற மறுத்தார்கள். அதற்குப் பிறகு அகதி அந்தஸ்தோ தங்கும் அனுமதியோ கிடைத்தவர்கள் வீடு வாங்கினார்கள். கிடைக்காமல் பதினைந்து வருஷம் கேஸ் நடத்தியவர்களையும் நமக்குத் தெரியும். அவர்களும் நம் அளவுக்கு உழைத்தவர்கள்தான்.

கடைசியாக, வீடு வாடகைக்கு விடும் நண்பர்களுக்கு ஒன்று. வாடகைக்கு வருகிறவரின் விசாவைச் சரிபார்க்க வேண்டும் என்ற சட்டத்துக்குப் பயந்து, பிரேசில் பாஸ்போர்ட்டைக் கண்டதும் "அறை போய்விட்டது" என்று சொல்கிறீர்கள். அப்படி நாட்டைப் பார்த்து மறுப்பதுதான் சட்டப்படி குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கும். அவரிடம் ஷேர் கோடு, அதாவது தன் விசா நிலையைக் காட்ட அவர் அரசு இணையதளத்தில் எடுக்கும் குறியீடு, கேளுங்கள். அந்தக் குறியீட்டையும் அவருடைய பிறந்த தேதியையும் அரசு இணையதளத்தில் போட்டால் அவருடைய உரிமை சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், கூட இருந்து காட்டித் தருகிறேன்.