லைன் கிளியர்

வாட்ஸப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சின்னதாக ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, இதற்கு எத்தனை பொருள் பாருங்கள், இப்படி ஒரு சொல் வேறு எந்த மொழியிலாவது உண்டா என்று கேட்கும். கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். மறுநாளே அதற்குப் போட்டியாக, தமிழில் ஓரெழுத்து ஒருமொழி மட்டும் 42 என்று இன்னொரு ஃபார்வர்டு வந்து சேரும். இரண்டு கட்சியும் எண்ணிக்கையைக் காட்டித்தான் மார்தட்டுகின்றன.

எண்ணிக்கைதான் பெருமை என்றால் ‘ரன்’ என்ற ஒரு சொல் போதும். ஆக்ஸ்போர்டு அகராதிக்காக அந்த வினைச்சொல்லைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 645 பொருள் தேறியது. கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 645-ஐ வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒரு சொல் யார் யார் கைக்குப் போனது, அங்கே என்ன வேலை பார்த்தது, யார் அதை யார்மேல் பிரயோகித்தார்கள் என்று பார்த்தால்தான் எனக்குச் சுவாரசியம். அப்படிப் பார்க்க ‘லைன்’ மாதிரி ஒரு சொல் கிடையாது. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாதவர்கூட ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அதைச் சொல்லிவிடுகிறார்.

லத்தீனில் ‘லீனும்’ என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. நாம் லினன் சட்டை என்று போட்டுக்கொள்வதும் அதே செடியைத்தான். நூலை இரண்டு பக்கம் இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. கோட்டின்மேல் எழுத்தை அடுக்கினால் வரி, ஆளை நிறுத்தினால் வரிசை. கோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உனக்கு என்றால் எல்லை. தூண்டில் கயிறு, துணி காயப்போடும் கொடி, தந்திக்கம்பி, ரயில் தடம் எல்லாம் நூலின் பிள்ளைகள். மற்றதெல்லாம் யாரையோ எதையோ நேராக நிற்கவைத்ததில் பிறந்தவை.

நம் ‘நூல்’ இதற்கு இளைத்ததில்லை. பஞ்சு எப்படி இழையாகிறதோ அப்படித்தான் சொற்கள் நூலாகின்றன என்று நன்னூல் பாயிரம் உவமை சொல்கிறது. அடுத்த மூச்சிலேயே, மரத்தின் கோணலை நிமிர்த்தும் தச்சனின் நூலையும், மனதின் கோணலை நிமிர்த்தும் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. இன்றைக்கும் கொத்தனார் நூல் பிடித்துத்தான் சுவர் எழுப்புகிறார். ஹார்டுவேர் கடையில் மூணு நூல் கம்பி, நாலு நூல் போல்ட் என்று கேட்கிறோமே, அங்கே எட்டு நூல் ஓர் அங்குலம். இதில் வேடிக்கை என்னவென்றால், ‘லைன்’ என்பதும் ஓர் அளவுதான். பனியன் கம்பெனியில் பட்டன் வாங்கும்போது 18 எல், 24 எல் என்பார்கள். அந்த ‘எல்’ பிரெஞ்சுக்காரர்களின் லைன். அங்கே 40 லைன் ஓர் அங்குலம். நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் முன்பக்கப் பட்டன் அநேகமாக 18 எல்லாக இருக்கும், பதினொன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நூலை வைத்து அளக்கத் தோன்றியது அவர்களுக்கும் நமக்கும் பொது. யார் பெரியவர் என்ற சண்டைக்கு இங்கே இடமே இல்லை.

நான் அதிகம் ரசிக்கும் இடம் ‘லைன் கிளியர்’. பஸ்ஸில் பொண்ணு வீட்டு ஆள் இறங்கிப் போனதும் காலேஜ் பையன்கள் சொல்லும் லைன் கிளியரைச் சொல்லவில்லை. அதன் அசல் ரயில்வேயில் இருக்கிறது. ஒற்றைத் தடத்தில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். பழைய முறையில், அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதம் கொடுத்தால்தான் இந்த ஸ்டேஷனில் உள்ள கருவியிலிருந்து ஓர் இரும்புக் குண்டு வெளியே விழும். அதைத் தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் கோத்து, ஓடுகிற எஞ்சினை நோக்கி நீட்டுவார்கள்; டிரைவர் பக்கத்து ஆள் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். ஒரு குண்டு வெளியே இருக்கும்வரை அந்தப் பகுதிக்கு இன்னொரு குண்டு எந்தப் பக்கத்திலிருந்தும் வராது. அந்தக் குண்டு கையில் இருந்தால் லைன் கிளியர், வண்டி போகலாம்.

அதே இரண்டு வார்த்தை மின்வாரியத்தில் நேர் எதிராக வேலை செய்கிறது. அங்கே ‘எல்.சி.’ என்பார்கள், லைன் கிளியரின் சுருக்கம். கம்பத்தில் வேலை செய்யப்போகிறவர் துணைமின்நிலையத்தில் சொல்லி, அந்தக் கம்பிக்குக் கரண்ட் அனுப்பும் ஃபீடரை நிறுத்தி, பதிவேட்டில் எழுதி, எல்.சி. வாங்கியாக வேண்டும். வாங்கியதோடு ஏறிவிடவும் கூடாது. கரண்டைத் தரைக்கு இறக்கிவிடும் எர்த் ராடு மாட்ட வேண்டும், ஏனென்றால் எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடி, அந்தக் கரண்ட் பின்பக்கமாகக் கம்பிக்குத் திரும்பி வரலாம். வேலை முடிந்து, ஆட்கள் இறங்கி, எர்த் ராடை எடுத்து, எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் சுவிட்ச் போடலாம். ரயில்வேயில் லைன் கிளியர் என்றால் வண்டி வரலாம். இங்கே லைன் கிளியர் என்றால் எதுவும் வரவே கூடாது. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பேச்சுதான்: பாதையில் இப்போது யாரும் இல்லை. ஆனால் ஒன்றில் அடுத்து வருவது வண்டி, மற்றதில் அடுத்து ஏறுவது ஒரு மனுஷன். இப்படி ஒரு சொல் இரண்டு தொழிலில் இரண்டு பிறவி எடுத்து வாழ்வதை எந்த ஃபார்வர்டும் சொல்லாது. அகராதியின் எண்ணிக்கையில் இது ஒரு உள்பிரிவாகக்கூட வருமோ என்னவோ.

போன் லைனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பியே இல்லாத கைபேசியிலும் “லைன்லயே இருங்க” என்கிறோம், அவ்வளவுதான். வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் 1963-இல் போட்ட ‘ஹாட்லைன்’ மட்டும் ஒரு தமாஷ். சினிமாவில் சிவப்பு டெலிபோனாகக் காட்டுவார்கள். நிஜத்தில் அது டெலிபோனே இல்லை, டெலிபிரிண்டர். அவசரத்தில் தலைவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசிவிடக் கூடாது என்று எழுத்தாகவே வைத்தார்கள்.

கோடம்பாக்கத்தில் ‘ஒன்லைன்’ என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டு ஒரு வரி என்று நினைத்துவிடாதீர்கள். படத்தின் கதையைக் காட்சி வாரியாக எழுதிய ஒன்லைன் பக்கம் பக்கமாகப் போகும். அப்புறம் லைன் போடுவது. பொண்ணுக்குப் பின்னாலேயே அலைவதற்கு லைன் என்ற பெயரை யார் வைத்தார்களோ, நேர்கோட்டுக்கும் அந்த ஆசாமிகளுக்கும் சம்பந்தமே கிடையாது.

நாட்டை வகுந்த லைன்கள் இன்னொரு தினுசு. ஆப்கானிஸ்தான் பக்கம் டூராண்டு 1893, திபெத் பக்கம் மக்மகான் 1914, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே ராட்கிளிஃப் 1947. கடைசியாகச் சொன்னவர் அதற்கு முன் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஜூலையில் வந்தார், ஐந்து வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் கோடு போட்டுப் பிரித்தார், சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து ஆகஸ்ட் 17-இல் அந்தக் கோடு வெளியானது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலேயே சுதந்திர தினம் கொண்டாடிய ஊர்கள் இருந்தன. ஆபீஸில் மேனேஜர் சர்வசாதாரணமாகச் சொல்லும் ‘டெட்லைன்’ அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால முகாமிலிருந்து வந்தது. ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் சிறையில் மதில் சுவருக்கு உள்ளே தள்ளி ஒரு கட்டை வேலி இருந்தது. அதைத் தாண்டும் கைதியைக் கேள்வி கேட்காமல் சுடலாம். பத்திரிகைக்காரர்கள் பிற்பாடுதான் அதைக் கெடுவாக மாற்றினார்கள். தொழிலாளி பக்கம் நின்ற லைன் ஒன்று சொல் என்றால் எனக்கு பிளிம்சால் லைன்தான் ஞாபகம் வருகிறது. பாரத்தை அளவுக்கு மீறி ஏற்றி, கப்பலையும் மாலுமிகளையும் மூழ்கவிட்டு இன்சூரன்ஸ் வாங்கிய முதலாளிகளை எதிர்த்து சாமுவேல் பிளிம்சால் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கத்திக் கூச்சல் போட்டு, 1876-இல் சட்டமே கொண்டுவரச் செய்தார். கப்பலின் விலாவில் தண்ணீர் இதற்கு மேல் ஏறக் கூடாது என்று போட்ட கோடு அது.

ஆட்களைக் குடிவைத்த லைன்களில்தான் இந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. சிப்பாய்களை வரிசை வரிசையாகக் கொட்டகை போட்டுக் குடிவைத்த இடத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ‘லைன்ஸ்’. மும்பையில் மரைன் லைன்ஸ் ஸ்டேஷன் கடற்படை பட்டாளம் இருந்த வரிசையின் மிச்சம். வடக்கே ஊருக்கு ஊர் சிவில் லைன்ஸ். நம் பக்கம் போலீஸ் லைன், மதுரையில் ரிசர்வ் லைன். கோவை, திருப்பூர் பக்கம் ‘லைன் வீடு’: ஒரே ஓட்டுக்குக் கீழே ஏழெட்டு வாசல், பொதுவாக ஒரு குழாய், கோடியில் ஒரு கக்கூஸ்.

இதே சொல்லைத் தோட்டத்துரைமார் தேயிலை மலைக்குக் கொண்டுபோனார்கள். இலங்கை மலையகத்தில் அது ‘லயம்’ ஆனது. தேயிலைக்கு முந்தைய காப்பிக் காலத்திலேயே, தமிழ்நாட்டிலிருந்து நடத்திக் கூட்டிப்போன சனங்களுக்காகக் கட்டியவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி ஓர் அறை, ஓர் அறைக்கு ஒரு குடும்பம், இரட்டை லயம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை. அறைக்குப் பெயர் ‘காம்பரா’, அது போர்த்துக்கீசியம். முன்னால் உள்ள திண்ணை மாதிரி இடம் ‘இஸ்தோப்பு’, அது டச்சு. வரிசைக்குப் பெயர் லயம், அது ஆங்கிலம். ஆண்டு போன மூன்று பேரும் ஒரே வீட்டில் பேச்சாகக் குடியிருக்கிறார்கள். வீட்டுக்கு உரிமை மட்டும் உள்ளே இருந்தவருக்கு வரவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் ‘பெரட்டு’ என்று பெயர், பரேடு என்பதுதான் பெரட்டு. லயம், பெரட்டு இரண்டுமே பட்டாளத்துச் சொல். கொழுந்து பறிக்க வந்தவரைச் சிப்பாய் மாதிரி வரிசையில் குடிவைத்து, வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1948-இல் குடியுரிமையைப் பறித்ததும், 1964-இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பிரித்துக்கொண்டதும் இந்த வரிசைகளில் இருந்தவர்களைத்தான்.

2014 அக்டோபர் 29-இல் பதுளை மாவட்டம் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் அதே மாதிரி. 70 பேர் போனார்கள், பலர் கயத்தாறு பக்கத்திலிருந்து போன குடும்பங்கள். மலைச்சரிவில் வரிசை வீடு கட்டினால், சரிவு வரும்போது வரிசையாகத்தான் போகும். இரண்டு நாட்டிலும் செய்தியில் வந்த சொல் லயம். நம்மூர் வாசகர்களில் எத்தனை பேர் அதைப் பாட்டு சம்பந்தமான லயம் என்று நினைத்துத் திகைத்தார்களோ.

சரி, இதற்கெல்லாம் தமிழ் என்ன என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் ஒரே சொல்லைத் தேடி அலைவதுதான் கோளாறு. ரேஷன் கடையில் வரிசை, தலைக்கு மேலே கம்பி, கவிதையில் வரி, வரைபடத்தில் எல்லைக்கோடு, ரயிலுக்குத் தடம் என்று தனித்தனியாக, புழங்கிக்கொண்டிருக்கும் சொற்களே இருக்கின்றன. அவற்றைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல் பத்து வேலை செய்வதால் நமக்குப் பத்துச் சொல் இருப்பது குறையாகிவிடாது. எல்.சி.யில் மட்டும் தயவுசெய்து யாரும் கை வைக்க வேண்டாம். கம்பத்தில் ஏறுகிறவரும் துணைமின்நிலையத்தில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே வார்த்தையை ஒரே அர்த்தத்தில் சொல்லியாக வேண்டிய இடம் அது. அங்கே நம் மொழிப்பற்றைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

லயத்தை வேறு காரணத்துக்காக விட்டுவைக்கச் சொல்வேன். அதை ‘தொடர் குடியிருப்பு’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். படித்தால் ஏதோ ஹவுசிங் போர்டு பிளாட் மாதிரி இருக்கிறது. கூரையில் தகரம், நடுச்சுவர் மேலே மூடாத இடைவெளி, பக்கத்துக் காம்பராவில் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும் நெருக்கம் எதுவும் அந்தப் பெயரில் இல்லை. தனி வீடும் 7 பேர்ச் (இலங்கையில் புழங்கும் நில அளவு) நிலமும் கிடைத்து லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் கொஞ்சம் இருக்கின்றன. இன்னும் அதே லயத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் தங்கள் வீட்டை லயம் என்று சொல்லும்வரை, எழுதுகிறவர்களும் லயம் என்றே எழுதட்டும்.