வலி வந்த நாள் கணக்கு மட்டும் போதாது

மாதத்தில் எத்தனை நாள் தலைவலி வந்தது என்பதை வைத்தே மைக்ரேன் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அது போதாது என்றே படுகிறது. மைக்ரேன் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று அளக்க மைடாஸ் (MIDAS) என்றொரு வினாத்தாள் இருக்கிறது; அதில் மதிப்பெண்ணுக்கு 5 கேள்விகள்தான். கடந்த 3 மாதத்தில் வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாத நாள், போயும் பாதி வேலைகூட ஓடாத நாள், அப்புறம் வீட்டு வேலை பார்க்க முடியாத நாள் என்று தனித்தனியாகக் கேட்பார்கள். வீட்டு வேலையையும் எண்ணுகிறார்களே, அது பெரிய விஷயம். மைக்ரேன் பெண்களுக்குத்தானே அதிகம்! ஐந்துக்கும் சொன்ன நாட்களின் கூட்டுத்தொகை 21 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான பாதிப்பு. ஆனால் 3 மாதத்தையும் நினைவிலிருந்து சரியாகச் சொல்வது கஷ்டம். தினமும் குறித்து வைக்கும் தலைவலி டைரியும் கூடவே வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும், சிகிச்சைக்கு முன்பும் 3 மாதம் கழித்தும் மைடாஸை நிரப்பி எடுத்துப்போய்க் காட்டுங்கள்.