சட்டி அடிக்கிறவர் பின்னாடி சாம்பிளர் போகட்டும்

தமிழ் ராப் மேடைகளில் நேரடி வாத்தியங்கள் சேர ஆரம்பித்திருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். லேப்டாப்பில் டிராக்கைப் போட்டுவிட்டு மைக்கோடு மட்டும் ஓடியாடிய காலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. டோலக் வருகிறது, பறை வருகிறது, சாவு மேளத்தில் குச்சியால் அடிக்கிற சட்டி வருகிறது. ஆனால் மனதில் ரொம்ப நாளாக ஒரு ஆதங்கம் இருக்கிறது. வாத்தியக்காரர் மேடைக்கு வந்துவிட்டார், மேடையில் யார் பேச்சு எடுபடுகிறது என்பது மாறவில்லை. இன்னும் லேப்டாப் முன்னால் போகிறது, சட்டி அடிக்கிறவர் அதன் பின்னால் ஓடுகிறார்.

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்குத் தாளம் என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாசர்பாடியோ, புளியந்தோப்போ, காசிமேடோ, ஒரு சாவு விழுந்தால் தெருமுனையில் மேளம் கேட்டுவிடும். சட்டி, கட்டமோளம், பறை. அப்புறம் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட்டு, இறந்தவர் படத்துக்கு மாலை சாத்தி, விடிய விடிய கானா. பாடுகிறவர் ஒரு வரியை இழுத்து நிறுத்துவார். டோலக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சு வாங்கி அடுத்த வரியில் அவர் இறங்குகிற இடத்தில், சரியாக அந்த இடத்தில், ஒரு அடி விழும். எத்தனை கச்சேரி பார்த்தாலும் அந்த அடிக்கு எனக்கு உடம்பு சிலிர்க்கும். எங்கள் ஊர் தாளம் ஆளைப் பார்த்து வாசிக்கிற தாளம்.

சாம்பிள், அதாவது முன்பே பதிவு செய்து வைத்த ஒலித்துண்டு, ஓடுகிற மேடையில் நடப்பது வேறு. அந்தத் துண்டு திரும்பத் திரும்பச் சுற்றுகிற லூப்பின் வேகம் வீட்டிலேயே, கம்ப்யூட்டரிலேயே முடிவாகிவிடும். வாசிக்கிறவர் காதில் அந்த வேகத்தைக் காட்ட டிக் டிக் என்று ஒரு கிளிக் போய்க்கொண்டிருக்கும். ஸ்டுடியோவில் டிரம்ஸ் வாசித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. சாவு மேளத்தில் வளர்ந்த கை அப்படி இல்லை. ஆடுகிறவன் காலைப் பார்த்து ஏறும், கூட்டம் சூடானால் அதுவும் சூடாகும்.

ஒரு கல்லூரி விழாவில் இதை நேரில் பார்த்தேன். புளியந்தோப்புப் பக்கத்து அண்ணன் ஒருவர் சட்டி. காதில் இயர்போன் மாட்டி வாசித்துப் பழக்கமில்லை அவருக்கு. முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது பாட்டில் பையன்கள் இறங்கி ஆட ஆரம்பித்ததும் இவர் கை ஏறியது. லூப் ஏறவில்லை. இரண்டு தாளமும் ஒன்றோடொன்று இடிக்க, ராப் பாடின தம்பி திரும்பி அவரை முறைத்தான். சவுண்ட்காரர் என்ன செய்தார் தெரியுமா? சட்டி மைக்கின் சத்தத்தை இறக்கிவிட்டார். குச்சியை இரண்டு கையிலும் பிடித்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார் அந்த அண்ணன். டிராக் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் நிறுத்தியதே தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இதைச் சொன்னால், "ஹிப்-ஹாப் என்றாலே மெஷின்தானே, பிடிக்காவிட்டால் கானாக் கச்சேரிக்குப் போங்கள்" என்கிறார்கள். ஹிப்-ஹாப் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய அந்தப் புகழ்பெற்ற பார்ட்டியில் இருந்துதான் எல்லோரும் கதையைத் தொடங்குவார்கள். அவர் கண்டுபிடித்தது என்ன? பாட்டில் மற்ற வாத்தியமெல்லாம் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற சில நொடிகளுக்குத்தான் கூட்டம் வெறிபிடித்து ஆடுகிறது என்பதை. ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்த இடத்தையே நீட்டினார். நீட்டப்பட்டது ஒரு மனிதன் கையால் வாசித்த அடி. 1979-ல் ராப்பை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோன முதல் பெரிய ஹிட்டில் சாம்பிள்களை ஓட்டுகிற சாம்பிளர் மெஷினே கிடையாது, ஸ்டுடியோவில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். 1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிளரில் மொத்தமே பத்து நொடி ஒலிதான் சேமிக்க முடியும். அந்தப் பத்து நொடிக்குள் பழைய டிரம்மர்களின் அடியை வெட்டி வெட்டி வைத்துத்தான் ஒரு தலைமுறையே இசை செய்தது. அதே வருடம் பிலடெல்பியாவில் தொடங்கிய தி ரூட்ஸ் குழு டிரம்ஸை மேடையின் நடுவில் வைத்தே ராப் பாடி உலகம் சுற்றியது. டிரம்மர் குவெஸ்ட்லவ்தான் அந்தக் குழுவின் முகங்களில் ஒருவர்.

அந்தப் பழைய டிரம்மர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். 1969-ல் வின்ஸ்டன்ஸ் என்ற குழுவின் ரெக்கார்டில் கிரிகரி கோல்மன் வாசித்த ஆறேழு நொடி டிரம்ஸ், உலகத்திலேயே அதிகம் சாம்பிள் செய்யப்பட்ட துண்டுகளில் ஒன்று. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது ஓடுகிறது. அந்த சாம்பிளால் அவருக்கு ஒரு காசு வரவில்லை. 2006-ல் வீடில்லாத நிலையில் இறந்துபோனார். பாடகர் ஜேம்ஸ் பிரவுனோடு டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், தாளம் அவருடையது, உரிமை அவருடையது இல்லை.

நம் ஊரில் இது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ஒரு டோலக்காரரை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு, விதவிதமான நடையில் வாசிக்க வைத்து, ஒருநாள் பேட்டாவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த வாசிப்பு லூப்பாகி எத்தனை லேப்டாப்புக்குப் போகிறதோ அவருக்குத் தெரியாது. அப்புறம் அதே லூப் மேடையில் ஓடும், அவருக்கு அழைப்பு வராது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, வாசிப்பைப் பதிவு செய்து வணிகத்துக்குப் பயன்படுத்தினால் கலைஞருக்கு ராயல்டி உண்டு என்று 38ஏ பிரிவில் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து வாங்காமல், ரசீது இல்லாமல் நடக்கிற ரெக்கார்டிங்கில் அந்தப் பிரிவை யார் யாரிடம் காட்டுவது?

சரி, மேடைக்கு வருகிறேன். இதைச் சரியாகச் செய்ய முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடை ஏறியபோது 19 பேர் இருந்தார்கள். பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. சட்டி, கட்டமோளம், பறை, டோலக் ஒரு பக்கம், கிட்டாரும் டிரம்ஸும் இன்னொரு பக்கம், நடுவில் கானாவும் ராப்பர் அறிவு பாடிய ராப்பும். அதில் சட்டி வாசித்தவர் அலங்காரத்துக்கு நிற்கவில்லை. அவரை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. 2020-ல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழாவிலும் அதே உணர்வு எனக்கு இருந்தது.

சாம்பிளரைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்த வாத்தியம். நம் மெல்லிசைக் குழுக்களில் ரிதம் பேட் வாசிக்கிறவரைப் பாருங்கள். அந்த வகை எலக்ட்ரானிக் பேடான ரோலண்ட் ஆக்டபேட் 1985-ல் வந்தது. நம் ஊர் கல்யாணக் கச்சேரி, திருவிழாக் கச்சேரி, சர்ச் கொயர் எல்லாவற்றிலும் அது புகுந்துவிட்டது. பதிவான ஒலிதான், ஆனால் குச்சியால் அடித்தால்தான் வரும். வேகம் வாசிக்கிறவர் கையில் இருக்கும். ராப் குழுக்களுக்கும் இதே வழி திறந்துதான் இருக்கிறது. நாலு நிமிட டிராக்கை அப்படியே ஓட்டாமல் துண்டு துண்டாக வெட்டிப் பேடில் ஏற்றுங்கள். சட்டி ஏறினால் பேட் வாசிக்கிறவரும் கூடவே ஏறுவார். கிளிக்கே தேவைப்படாது.

போன வருடம் பெரம்பூர்ப் பக்கம் சின்ன மேடை ஒன்றில் ஒரு தம்பி இப்படித்தான் செய்தான். கடல் காற்று ஈரத்தில் பறைத்தோல் தொய்ந்து போயிருந்தது. மேடைக்குப் பின்னால் பழைய பேப்பரைக் கொளுத்தி பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒயர் கிடக்கிற இடத்தில் நெருப்பா என்று சவுண்ட்காரர் சத்தம் போட்டார், பறையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார்கள். அந்தத் தம்பி சாம்பிளரோடு அவர்கள் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பறையையும் தட்டச் சொல்லிக் கேட்டு, தன் பேஸ் சாம்பிளின் சுருதியை இறக்கி இறக்கிப் பறையோடு சேர்த்தான். நடுவில் தோல் திரும்பவும் தொய்ந்ததும் அவனும் கூடவே இறக்கினான். அன்றைக்கு அந்தக் கூட்டம் ஆடிய ஆட்டத்தை எந்த டிராக் ஷோவிலும் நான் பார்த்ததில்லை.

கச்சேரி நடத்துகிறவர்கள், சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அஞ்சு மேளத்துக்கு ஒரே மைக்கை நடுவில் நட்டு வைக்காதீர்கள், ஆளுக்கு ஒன்று கொடுங்கள். சவுண்ட் செக்கில் லேப்டாப்பை முதலில் பார்க்காமல் தோல் வாத்தியத்தை முதலில் பாருங்கள், நேரம் அதற்குத்தான் அதிகம் பிடிக்கும். போஸ்டரில் ராப்பர் பெயருக்குக் கீழே சட்டி அடிக்கிறவர் பெயரும் வரட்டும். ராப் பாடுகிற தம்பிகளே, அவருக்குச் சம்பளம் கச்சேரி முடிந்து வண்டி ஏறும் முன்பே கையில் போய்ச் சேருகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மேடைக்கும் அவரையே கூப்பிடுங்கள்.