கொல்லும் மூலிகையைத் தேடுவதா, கிருமியின் காவலை முடக்கும் மூலிகையைத் தேடுவதா?

மருந்துக்கு அடங்காத கிருமியை ஏதோ ஓர் இலைச்சாறு கொன்றுவிட்டது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி வலம் வருகிறது. அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஓர் எளிய சோதனைதான். கிருமி வளர்க்கப் பயன்படும் அகார் என்ற ஜெல்லி நிரப்பிய தட்டில் கிருமியைப் பரப்பி, சிறு குழி வெட்டி, அதில் சாற்றை விட்டு, 37 டிகிரி வெப்பத்தில் ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்திருக்கும் வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். சாறு போதிய அடர்த்தியில் இருந்தால் வட்டம் விழத்தான் செய்யும். சாற்றைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்திய ஆல்கஹாலே சில சமயம் அந்த வட்டத்தைப் போட்டுவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் தட்டில் கிருமியை அடக்கினாலும், விழுங்கியபின் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம்.

இதனால் தாவரங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாம் தேடும் திசைதான் தவறு என்கிறேன். மரமஞ்சளுக்கு மஞ்சள் நிறத்தைத் தரும் பெர்பெரின் கிருமிக்கொல்லிதான். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா, தன் சவ்வில் உள்ள 'நோர்-ஏ' என்ற பம்பின் மூலம் உள்ளே நுழையும் பெர்பெரினை அவ்வப்போதே வெளியே இறைத்துவிடுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளையும் அதே பம்புதான் வெளியேற்றுகிறது. பெர்பெரினை உண்டாக்கும் பெர்பெரிஸ் இனச் செடிகளில் 5'-மெத்தாக்ஸிஹைட்னோகார்பின் என்ற வேறொரு சேர்மமும் இருப்பதையும், தனியாக எந்தக் கிருமியையும் கொல்லாத அது அந்தப் பம்பை முடக்கிப் பெர்பெரினை வேலை செய்ய வைப்பதையும் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தொழுநோய்க்குப் பூசிவந்த நீரடிமுத்து எண்ணெயிலும் இச்சேர்மம் சிறிதளவு உண்டு.

குழித்தட்டுச் சோதனையில் இந்தச் சேர்மம் தேறியிருக்காது. வட்டமே விழாததால் குப்பைக்குப் போயிருக்கும். எனக்கு உறுத்துவது இதுதான். துணைநின்று காக்கும் மருந்து ஒன்றும் புதுமையல்ல. அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துத் தரப்படும் கிளாவுலானிக் அமிலம், கிருமியின் நொதியை முடக்கி அமாக்சிசிலினைக் காப்பதற்காகவே அந்த மாத்திரையில் இருக்கிறது. அது மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது, அவ்வளவே வேறுபாடு.

இந்த வழியும் எளிதல்ல. சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கும் ரெசர்பின், நோர்-ஏ பம்பை நன்றாகவே அடைக்கிறது; ஆனால் அதற்குத் தேவைப்படும் அளவு மனித உடலுக்கு நஞ்சு. ஒரு காலத்தில் இரத்த அழுத்தத்துக்கு வெகு குறைந்த அளவில் கொடுக்கப்பட்ட மருந்து அது.

2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேரின் சாவுக்கு மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களே நேரடிக் காரணம் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்த நிலையில், இன்னொரு இலையின் வட்டத்தை அளந்து இன்னொரு கட்டுரை எழுதுவதைவிட, கல்லூரி ஆய்வகங்கள் ஒவ்வொரு சாற்றையும் வழக்கிலுள்ள ஆன்டிபயாட்டிக்கின் குறைந்த அளவோடு சேர்த்துச் சோதிக்கலாம். அதே அடர்த்தியில் மனிதச் செல்கள் பிழைக்கின்றனவா என்பதையும் அதே கட்டுரையில் தெரிவிக்க வேண்டும்.